ஆதாம் இட்ட பேரும் நான் சொன்ன பொய்யும்



இந்த மாதச் செய்தியை மேடையில் நிற்கிறவனாக நான் எழுதவில்லை. குற்றத்தை அறிக்கையிடுகிறவனாக எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்மேல் வருத்தப்படுகிறவர்கள் நேரில் வந்து சொல்லலாம், வீட்டுக் கதவு திறந்தே இருக்கும்.

போன வருஷம் நம்முடைய வாலிபர் கூட்டத்திலே ஆதியாகமம் 2-ம் அதிகாரத்தை எடுத்துப் பிரசங்கித்தேன். தேவன் மிருகங்களையும் பறவைகளையும் ஆதாமிடத்தில் கொண்டுவந்ததையும், அவன் ஒவ்வொன்றுக்கும் பேரிட்டதையும் சொல்லிக்கொண்டு வந்தவன், நடுவிலே வழி விலகினேன். "அவங்க தாத்தா குரங்காம்! நம்ம தாத்தா ஆதாம்!" என்றேன். கூட்டம் சிரித்தது. சிரிப்பு வந்தால் பிரசங்கிக்கு ஒரு வேகம் வந்துவிடும், அது உங்களுக்கே தெரியும். "குரங்குக்கு மனுஷன் பொறந்தான்னு டார்வின் எழுதி வச்சுட்டுப் போயிட்டான். எந்த உயிரும் மாறாது. மாறினதை ஒருத்தனும் கண்ணால பார்த்ததும் கிடையாது!" என்று அடித்துச் சொன்னேன். அல்லேலூயா சத்தம் கூரையைத் தொட்டது.

மூன்றாவது வரிசையிலே ஒரு தங்கச்சி சிரிக்காமல் உட்கார்ந்திருந்தாள். கல்லூரியிலே விலங்கியல் படிக்கிறவள். அப்பா மீன் வியாபாரம். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அம்மாவைக் கேட்டால், "படிப்பு இருக்குதாம் ஐயா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். ஐந்தாவது வாரம் நானே வீட்டுக்குப் போனேன்.

ஜெபித்து முடித்தபிறகு அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "ஐயா, டார்வின் எழுதின புஸ்தகத்தை நீங்க வாசிச்சிருக்கீங்களா?"

"இல்லம்மா."

"வாசிக்காம, ஒருத்தர் சொல்லாததைச் சொன்னார்னு சபைக்கு முன்னாடி சொன்னா, அது ஒன்பதாவது கற்பனையில வராதா ஐயா?"

அவள் அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏய், யார்கிட்ட பேசுற?" என்று எழுந்தார். நான்தான் அவரை உட்காரவைத்தேன். பொய்ச்சாட்சியைக் குறித்து எத்தனை தடவை பிரசங்கித்திருக்கிறேன்! அயலானைக் குறித்துப் பொய் சொல்லக்கூடாது என்றால், செத்துப்போன ஒரு மனுஷனைக் குறித்து மட்டும் சொல்லலாமா? பதில் வரவில்லை எனக்கு. "சரிம்மா, உனக்குத் தெரிஞ்சதைச் சொல்லு, கேக்கிறேன்" என்றேன்.

பாடம் அப்பாவின் மீன் கூடையிலிருந்து ஆரம்பமானது.

ஒரு கத்தாளையையும் ஒரு பன்னாவையும் எடுத்து வைத்தாள். தலையைப் பிளந்து காட்டினாள். இரண்டிலும் வெள்ளையாய்ப் பெரிய கல். வலையிலிருந்து எடுக்கும்போது இரண்டுமே கரகரவென்று சத்தம் போடும் என்று அப்பா எடுத்துக்கொடுத்தார். அவர் கோபம் அதற்குள் ஆறிவிட்டது. ஆகவே இவை இரண்டும் ஒரே குடும்பம். குடும்பம் என்று அவள் சொன்னது உவமையாக அல்ல, உயிரியலிலே அதுதான் வார்த்தை. தபாலில் வீட்டு எண், தெரு, ஊர், தாலுகா, மாவட்டம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக எழுதுகிறோம் அல்லவா? அப்படியே ஒவ்வொரு உயிருக்கும் சிற்றினம், பேரினம், குடும்பம், வரிசை, வகுப்பு, தொகுதி, உலகம் என்று விலாசம் இருக்கிறது. பேரினமும் சிற்றினமும் சேர்ந்த இரண்டு சொல்தான் அறிவியல் பெயர்.

இந்த ஏற்பாட்டை நிலைநிறுத்தினவர் ஸ்வீடன் தேசத்து லின்னேயஸ். ஒரு லூத்தரன் போதகருடைய மகன்! சீகன்பால்கு ஐயர் தரங்கம்பாடியில் கால்வைத்தது 1706. லின்னேயஸ் பிறந்தது அதற்கடுத்த வருஷம். தேவன் படைத்ததை ஒழுங்காக எழுதிவைப்பதே தன் வேலை என்று எண்ணினவர். 1735-ல் பத்துப் பன்னிரண்டு பெரிய தாளாக வந்த அவருடைய புத்தகம், 1758-ல் வந்த 10-ம் பதிப்பிலே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மிருக ஜீவன்களுக்குப் பேரிட்டது. இன்றைக்கும் விலங்குகளின் பெயர்க்கணக்கு அந்தப் பதிப்பிலிருந்தே துவங்குகிறது. இன்று ஏறக்குறைய 20 லட்சம் உயிரினங்களுக்குப் பேர் ஆகிவிட்டது. இன்னும் பேரில்லாதவை ஏராளம். ஆதாமுக்குக் கொடுத்த வேலை முடியவில்லை என்று அப்பொழுது என் உள்ளத்தில் பட்டது.

அடுத்து அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு மெய்சிலிர்த்தது. அந்தக் கத்தாளை ஒன்றின் அறிவியல் பெயர் ஜானியஸ் கருட்டா. ஜானியஸ் யார்? நம்முடைய தரங்கம்பாடியில் 1771 முதல் 1813-ல் மரிக்கும்வரை ஊழியம் செய்த கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் ஐயர்! அவர் இந்தக் கரையின் மீன்களைச் சேகரித்து, பெர்லினிலே பிளாக் என்ற ஒரு யூத வைத்தியருக்கு அனுப்பிவைத்தார். 1793-ல் பிளாக் அந்த மீனுக்கு ஜான் ஐயருடைய பேரையே வைத்தார். கருட்டா என்பது நம்ம தமிழ்தான், கருத்த கத்தாளை! நம் மீனவர் வாயிலிருந்து வந்த சொல் உலகத்துப் புத்தகங்களிலெல்லாம் அச்சாகிக் கிடக்கிறது. அந்த அப்பா மீனைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத்தனை வருஷம் கிலோ கணக்குல வித்தேனே" என்றார்.

ஜான் ஐயர் மாத்திரம் அல்ல. 1768-ல் அந்த மிஷனுக்கு வைத்தியராக வந்த கோனிக், லின்னேயஸிடமே படித்தவர். 1776-ல் வந்த ரொட்லர் ஐயர் செடிகொடிகளைச் சேகரித்தார். தமிழ் அகராதி செய்தவரும் அவரே. வேதத்தைத் தமிழில் அச்சடித்த அதே மிஷனிலிருந்து உலர்ந்த இலையும் சாராயத்தில் போட்ட மீனும் கப்பலேறிப் போயின. அவர்கள் சபை வேறு, நம் சபை வேறு. ஆனாலும் தேவனுடைய கைவேலையை உற்றுப்பார்ப்பது விசுவாசத்துக்கு விரோதம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இதுவரை எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. லின்னேயஸ் எந்த வரிசையில் மனுஷனை வைத்தார் என்று அவள் சொன்னபோதுதான் தூக்கிவாரிப்போட்டது. 1758-லேயே அவர் மனுஷனையும் குரங்கையும் ஒரே வரிசையில் வைத்துவிட்டார். டார்வினுடைய புத்தகம் வந்தது 1859-ல், 101 வருஷம் கழித்து! கையின் அமைப்பு, பல், பால்கொடுக்கும் மார்பு எல்லாவற்றையும் பார்த்து, போதகர் மகன் ஒருவர், சிருஷ்டிப்பை விசுவாசிக்கிறவர், வேறு எங்கும் வைக்க இடம் காணாமல் அங்கே வைத்தார். அதே பதிப்பிலேதான் திமிங்கலத்தை மீன்களிலிருந்து பிரித்துப் பாலூட்டிகளோடு சேர்த்ததும்.

"வேதத்திலே வௌவால் பறவையோடதானே இருக்கு?" என்று நான் ஒரு கிடுக்கி போட்டேன். லேவியராகமம் 11-ல் அப்படித்தான் இருக்கிறது. அவள் அசரவில்லை. "மோசே சாப்பிடுறதுக்கும் தள்ளுறதுக்கும் பிரிச்சார் ஐயா. பறக்குறது ஒரு பக்கம், ஓடுறது ஒரு பக்கம். எங்கம்மா அடுப்படியில கடுகையும் உளுந்தையும் தாளிக்கிற சாமான்னு ஒரே டப்பாவுல வைப்பாங்க. அதுக்காக ரெண்டும் ஒரே செடியா?" என்றாள். எதற்காகப் பிரிக்கிறோமோ அதற்கேற்ற பிரிவு. இதைவிட நல்ல வேதவிளக்கத்தை நான் சமீபத்தில் கேட்கவில்லை.

சிற்றினம் என்றால் என்ன என்பதையும் சொன்னாள். தங்களுக்குள்ளே கூடி, தாங்களும் பலுகும்படியான குட்டிகளைப் பெறுகிற கூட்டம், பெரும்பாலும் அதுதான் ஒரு சிற்றினம். குதிரையும் கழுதையும் கூடினால் கோவேறு கழுதை பிறக்கும், ஆனால் அது பொதுவாகக் குட்டி போடாது. ஆகையால் குதிரை வேறு, கழுதை வேறு. அப்சலோம் ஏறிப்போனது கோவேறு கழுதை, சாலொமோனை ராஜாவாக்கும்படி ஏற்றினதும் தாவீதின் கோவேறு கழுதை. இத்தனை வருஷம் வாசித்தும் இதை யோசித்ததில்லை நான்.

பிறகு முக்கியமான இடத்துக்கு வந்தாள். இந்த விலாசம் ஏன் ஒன்றுக்குள் ஒன்றாக அடங்குகிறது? லின்னேயஸ் அடுக்கிவைத்தார், ஏன் அப்படி அடுக்க முடிகிறது என்பதை அவர் சொல்லவில்லை. டார்வின் அதற்குச் சொன்ன பதில்: அது வம்சவரலாறு. ஒரே குடும்பம் என்று நாம் எழுதுவது, மெய்யாகவே ஒரு மூதாதையிலிருந்து கிளைத்ததினாலே. குரங்குக்கு மனுஷன் பிறந்தான் என்று அவர் சொல்லவில்லை. "உங்க சித்தப்பா மகன் உங்களைப் பெத்தாரா ஐயா? ரெண்டு பேருக்கும் தாத்தா ஒருத்தர், அவ்வளவுதானே" என்றாள். மனுஷனுக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை ஏறக்குறைய 60, 70 லட்சம் வருஷங்களுக்கு முன் இருந்தது என்று கணக்கிடுகிறார்கள். அது மனுஷனும் அல்ல, இன்றைக்குக் கோயில் மதிலில் உட்கார்ந்திருக்கிற குரங்கும் அல்ல. என் பிரசங்கத்திலே நான் கிண்டல் பண்ணினது யாரும் சொல்லாத ஒரு காரியத்தை. 1859-ல் வந்த அந்தப் புத்தகத்தில் மனுஷனைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே இல்லையாம். 1871-ல்தான் அதற்கென்று தனியாக எழுதினார்.

திமிங்கலத்தின் சாட்சியும் உண்டு. அதின் உடம்புக்குள்ளே பின்னங்காலுக்கான இடுப்பெலும்பு சின்னதாய் இன்னும் கிடக்கிறது. கால் உள்ள பழைய திமிங்கலங்களின் எலும்புகள் பாகிஸ்தானிலும், நம் தேசத்துக் கட்ச் பகுதியிலும் கல்லாய்க் கிடைத்திருக்கின்றன. காஷ்மீரில் ரங்கா ராவ் என்ற இந்திய நிலவியலாளர் சேகரித்து வைத்த பாறைகளிலிருந்து திமிங்கலத்துக்கு நெருங்கின உறவான, கால் உள்ள ஒரு சின்ன மிருகம் வெளிப்பட்டது. அந்த ஆராய்ச்சி 2007-ல் அச்சானது. இன்றிருப்பவற்றில் திமிங்கலத்துக்குக் கிட்டின உறவு நீர்யானை.

"சரி. எப்படி மாறும்? ஒருத்தனும் பார்த்ததில்லையே" என்றேன். என் கையில் மிச்சமிருந்த ஒரே கல் அது.

"யாக்கோபு செய்தாரே ஐயா" என்றாள். ஆதியாகமம் 30-ல் யாக்கோபு பலத்த ஆடுகளைத் தன் பங்குக்குப் பொலியவிட்டான், இளைத்தவை லாபானுக்குப் போயின. மந்தை மாறிப்போயிற்று. ஒரு ஆடும் தன் ரோமத்தைத் தானே மாற்றிக்கொள்ளவில்லை. எந்த ஆடு குட்டி போட்டதோ அதின் சாயல் மந்தையில் பெருகிற்று. குட்டிகளுக்குள்ளே சிறு சிறு வித்தியாசம் எப்பொழுதும் உண்டு. வித்தியாசம் பிள்ளைகளுக்கும் வரும். பிறக்கிறவை எல்லாம் பிழைப்பதில்லை. அந்த இடத்துக்கு ஏற்ற வித்தியாசம் உள்ளவை அதிகம் பிழைத்து அதிகம் பெறும். மேய்ப்பன் தெரிந்தெடுப்பதற்குப் பதில் குளிரும் பஞ்சமும் நோயும் தெரிந்தெடுத்தால் அதுதான் இயற்கைத் தேர்வு. தலைமுறை தலைமுறையாய்க் கூட்டம் மாறும், தனி ஆள் மாறுவதில்லை.

இதைச் சொல்லிவிட்டு அவள் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு மெதுவாக, "ஐயா, டிபிக்காக ஜெபிச்சோமே, அந்த அண்ணன் மாத்திரையை விட்டு விட்டுப் போடுறாங்களாமே, நிஜமா?" என்று கேட்டாள்.

தேவபிள்ளைகளே, இந்த இடத்தை எழுத என் கை நடுங்குகிறது.

அந்தச் சகோதரர் கூலிவேலை செய்கிறவர். டிபிக்கு அரசாங்கம் இலவசமாய்க் கொடுத்த மாத்திரையை 6 மாதம் தவறாமல் சாப்பிடவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். உபவாச ஜெபத்திலே நாம் எல்லோரும் அவருக்காக அழுதோம். இரண்டாம் மாதம் இருமல் நின்றது, உடம்பில் சதை பிடித்தது. சாட்சி சொன்னார், கைதட்டினோம். "இனி மாத்திரை எதுக்குன்னு தோணுது ஐயா" என்று மேடையிலேயே என்னைப் பார்த்துச் சொன்னார். போடாதே என்று நான் சொல்லவில்லை. போடு என்றும் சொல்லவில்லை. புன்னகையோடு தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டலை அவர் கட்டளையாக எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மனைவி சண்டை போட்டால் நாலு நாள் போடுவார், பத்து நாள் விடுவார்.

அவர் நெஞ்சுக்குள்ளே நடந்ததை அந்தப் பிள்ளை எனக்கு விளக்கினாள். டிபி கிருமிகள் கோடிகோடியாய் இருக்கும். அவற்றில் ஏறக்குறைய பத்து லட்சத்துக்கு ஒன்று ஐசோநியாசிட் மருந்துக்கும், பத்துக் கோடிக்கு ஒன்று ரிஃபாம்பிசினுக்கும் சாகாததாய்த் தானாகவே பிறந்திருக்கும். மருந்தைக் கண்டு அது கற்றுக்கொண்டதல்ல, முன்னமே இருந்த வித்தியாசம். அதனாலேதான் முதல் இரண்டு மாதம் நாலு மருந்தைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். ஒன்றுக்குத் தப்பினது மற்றொன்றில் சாகும். விட்டு விட்டுப் போட்டால்? மருந்துக்குச் சாகிறவை சாகும், சாகாதவைக்கு இடம் காலியாகும், அவை பெருகும். யாக்கோபின் மந்தை மாறினதுபோல நெஞ்சுக்குள் இருக்கிற மந்தை மாறும்.

எந்த உயிரும் மாறாது, ஒருவனும் கண்டதில்லை என்று நான் பிரசங்கம் பண்ணின அந்த ராத்திரி அவர் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்கு ஓடினேன். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சளியை எடுத்து, சிபிநாட் என்கிற இயந்திரத்தில் வைத்தார்கள். ரிஃபாம்பிசின் கேட்கவில்லை என்று வந்தது. மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் பரிசோதனை செய்தார்கள். நம் சபையில் அவர் பக்கத்தில் உட்காருகிறவர்களுக்கும் செய்தார்கள். இதுவரை வேறொருவருக்கும் நோய் இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அவருக்கு மாத்திரம் வேறு மருந்து துவங்கியிருக்கிறது. முந்தினதைவிடக் கடினமானது. வாந்தி வருகிறது, கால் மரத்துப்போகிறது என்கிறார்.

சிலர் கேட்பீர்கள், அப்படியானால் நீர் ஆதியாகமத்தை விட்டுவிட்டீரா என்று. இல்லை. மூப்பர்களுக்குள்ளே இதைக்குறித்து ஒரே கருத்து இல்லை; நாள் என்பது எவ்வளவு, ஆதாமின் சரீரம் எப்படி உண்டாயிற்று என்பதையெல்லாம் நான் சட்டமாக்கப் போவதில்லை. உண்டாக்கினவர் தேவன் என்பதிலே எனக்குச் சந்தேகம் இல்லை. எந்த வழியாய் உண்டாக்கினார் என்று எலும்பிலும் கிருமியிலும் எழுதியிருந்தால் அதை வாசிக்க நான் பயப்படத் தேவையில்லை. அமெரிக்காவிலே டார்வினுடைய புத்தகத்துக்காக முதலாவது வாதாடினவர்களில் ஒருவரான ஆசா கிரே ஜெபிக்கிற பிரஸ்பிட்டேரியன் விசுவாசி. பெற்றோரின் குணங்கள் பிள்ளைக்கு எப்படி வருகிறது என்று பட்டாணிச் செடியில் கண்டு 1866-ல் அச்சிட்ட மெண்டல் ஒரு துறவி. டார்வினே ஒரு காலத்தில் போதகராகும்படி கேம்பிரிட்ஜில் படித்தவர். இதையும் அந்தப் பிள்ளைதான் சொன்னாள்.

சபையிலே நான் சொன்னதைச் சபையிலேதான் திருத்தவேண்டும். ஆகவே போன மாதம் இரண்டாம் ஞாயிறு ஆராதனையில் அதே மேடையில் நின்று, நான் சொன்னது பொய் என்றேன். ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. இரண்டு குடும்பங்கள் எழுந்து வெளியே போனார்கள். அதில் ஒரு குடும்பம் திரும்பி வந்துவிட்டது. அந்தத் தங்கச்சி மூன்றாவது வரிசையில் இருந்தாள். இப்பொழுது ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு ஆதாம் பேரிட்ட பாடத்தை அவள்தான் எடுக்கிறாள். ஒவ்வொரு பிள்ளையும் தெருவிலே பார்த்த ஒரு ஜீவனின் பேரை எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லியிருக்கிறாள். வீட்டில் ஓணானைப் பிடித்துப் புட்டியில் போட்டு வைத்திருக்கிறான் என்று என்னிடம் வந்து புகார் சொல்லுகிற தாய்மார்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் டிபிக்கோ வேறெந்த நோய்க்கோ மருந்து சாப்பிடுகிறவர்கள் இருந்தால், சுகம் கிடைத்ததென்று சாட்சி சொல்லுங்கள், நானும் கைதட்டுவேன். வைத்தியர் நிறுத்தச் சொல்லும்வரைக்கும் மாத்திரையை நிறுத்தாதீர்கள். இனி மேடையில் யாராவது அப்படிக் கேட்டால் தலையாட்டமாட்டேன், வாயைத் திறந்து சொல்லுவேன்.

அந்தச் சகோதரருடைய வீடு என் வீட்டிலிருந்து நாலாவது தெரு. காலை ஆறு மணிக்கு ஜெபம் முடித்துவிட்டு அங்கே போகிறேன். அவர் மாத்திரைகளைக் கையில் கொட்டி எண்ணுகிறார், நான் தண்ணீர்ச் செம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். விழுங்கினபிறகு வாயைத் திறந்து காட்டுகிறார், நான் கேட்காமலேயே.